அண்ணன் சீராகக் கொண்டுவந்த மூக்கு மருந்து

1

இந்தக் கதை எனக்குச் சேலத்தில், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது கிடைத்தது. என் மூக்கடைப்புக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு பெரியவருக்கு, புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வைப் பற்றி ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். மூக்குக்குள் சதை வளர்ந்து, தீராத சைனஸோடு இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மருந்துள்ள ஸ்ப்ரே, பாதிப்பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். பாட்டில்கள் ஒரே மாதிரி இருக்கும். ஒட்டியிருக்கும் எண் மட்டும் வேறு.

"எனக்கு எது வருமுங்க?"

"எனக்கே தெரியாதுங்கய்யா. டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு முடிஞ்ச பொறவுதான் தெரியும்."

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். யாருக்கு யார் என்று முதல் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரியும். என் வாசகிகளுக்கும் தெரியும், தெரிந்துதான் படிக்கிறார்கள். முடிவு தெரியாமலே இத்தனை பேர் ஒழுங்காக நடந்துகொள்ளும் ஒரு இடம் உண்டு என்பது எனக்குப் புதிது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

(அந்தப் பெரியவர் கதையில் இல்லை. எழுதிப் பார்த்தேன். உபதேசம் செய்யத் தொடங்கினார். அனுப்பிவிட்டேன்.)

2

முதல் வரிக்கு ரொம்பத் திண்டாடினேன்.

"காவிரியிலிருந்து வந்த ஈரக்காற்றில் கரும்பின் மணம்—"

இல்லை. வெண்ணிலாவுக்கு எந்த மணமும் தெரியாது.

"வாசனை இல்லாத உலகில் வாழும் ஒரு பெண்ணின்—"

இது அட்டையின் பின்பக்கத்தில் போடுகிற வாக்கியம்.

பால் தீய்ந்துவிட்டதை வெண்ணிலாவுக்கு அவள் கணவன் கலையரசன்தான் குளியலறையிலிருந்து கத்திச் சொன்னான்.

இது இருக்கட்டும்.

மோகனூரில் அவர்கள் வீடு. அவள் அடுப்புக்கு நேர் எதிரே நின்று தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி, வழிந்து, கருகி முடித்திருந்தது.

"உனக்கென்ன புள்ள, சாக்கடை மேல ஊடு கட்டிக் குடுத்தாலும் நிம்மதியா இருப்ப" என்றான் கலையரசன், தலையைத் துவட்டிக்கொண்டே.

அவள் சிரித்தாள். மூக்குச் சதையை ஒருமுறை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று, மறுபடி வளர்ந்துவிட்டது.* மோப்பம் போய் வருஷங்களாகிவிட்டன. தீய்ந்த பாலைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவள் கவலை ஒன்றே ஒன்று. மகள் இலக்கியாவுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து, வருகிறவர் போகிறவரெல்லாம் அந்தப் பிள்ளையின் உச்சந்தலையை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பெற்றவளுக்கு மட்டும் அது என்ன வாசம் என்று தெரியாது.

"சொல்லுங்க, எப்படி இருக்கும்?" என்று கணவனைக் கேட்டிருக்கிறாள்.

"பால் வாசம். இல்ல, சாம்பிராணி மாதிரி... எனக்குச் சொல்லத் தெரியல புள்ள."

* தோலுரித்த திராட்சைபோல் மூக்குக்குள் வளரும் சதை. அண்ணன் தங்கை இருவருக்குமே வருமா என்று என் டாக்டரைக் கேட்டேன். வரலாம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

3

வெண்ணிலாவின் அண்ணன் தனசேகருக்குத் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. அவனுக்கும் இதே தொல்லை. சேலத்து ஆய்வில் இருவரும் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில்.

தனசேகர்மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு பாசமான அண்ணனை நான் ஏற்கெனவே பல கதைகளில் எழுதிவிட்டேன். அதனால் இவனுக்கு ஒரு குறை கொடுத்தேன்: தங்கைக்கு எது நல்லது என்பதை அவளைக் கேட்காமலே முடிவு செய்வான். எந்தக் காலேஜ், எந்த மாப்பிள்ளை, எல்லாம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

ஆடிப் பதினெட்டுக்குச் சீர் கொண்டுவந்தான். தாம்பாளத்தில் சேலை, பழம், பூ, மஞ்சள், குங்குமம். நடுவில் வெற்றிலைமேல் ஒரு ஸ்ப்ரே பாட்டில்.

"என்னுங்கண்ணா இது?"

"என்ற பாட்டிலு. இதுதான் நெச மருந்து. நேத்துப் பட்டறையில எனக்கு டீசல் வாசம் வந்துருச்சு அம்மிணி. உனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப உன்றது உப்புத் தண்ணி. அத இங்க குடு."

"மாத்தக் கூடாதுன்னு அத்தன தடவ சொன்னாங்களே."

"ஆத்துக்குப் போற அன்னிக்கு அண்ணன் கொண்டாந்த தட்டத் திருப்பி அனுப்புவியா?"

சீர்த் தட்டில் ஒரு பொருளை மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுத்த தங்கையை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. கொடுத்தால் பிறந்த வீட்டையே வேண்டாம் என்றதாகிவிடும். வெண்ணிலா தட்டை முழுசாக வாங்கிக்கொண்டாள். தன் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தாள்.

(இந்த இடத்தில் அவளை மறுக்க வைக்க மிகவும் முயன்றேன். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். என்னால் முடியவில்லை.)

4

ஆவணியில் ஒரு காலை, இலக்கியாவுக்குத் தலை சீவக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

தேங்காயெண்ணெய். அதற்கடியில் வியர்வை. அதற்கும் அடியில், வெயிலில் காய்ந்த துணியை மடிக்கும்போது வருவதுபோல் ஒன்று.

"அம்மா, வுடு" என்றது பிள்ளை.

அவள் விடவில்லை. "ஏனுங்க, நீங்க சொன்னது அத்தனையும் தப்பு" என்று கணவனிடம் சொன்னாள். "பாலுமில்ல, சாம்பிராணியுமில்ல." மறுபடி குனிந்து மோந்தாள்.

ஒரு குடும்பக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். என் முதல் வரைவில் முடிந்துமிருந்தது. அண்ணன் வந்தான், பாயசம் குடித்தான், சுபம். வாசித்துப் பார்த்தபோது வெண்ணிலா அந்தப் பந்தியில் இல்லை. பரிமாறிக்கொண்டும் இல்லை. அவளைத் தேடிக்கொண்டு போனேன்; சேலத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் அண்ணனோடு நின்றிருந்தாள். அன்றைக்கு இருவருக்கும் பரிசோதனை.

"வாயத் தொறக்காத" என்றான் தனசேகர். "சொன்னா ரெண்டு பேருக்கும் மருந்த நிறுத்திப்போடுவாங்க. கடையில வாங்கற சாமான் இல்ல இது."

"நிறுத்தட்டுமுங்க."

"புள்ள வாசம் போயிரும் அம்மிணி."

அவள் டீயைக் குடிக்கவில்லை. "தெரியுமுங்க. ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சுட்டுக் கெடந்தேன்."

"அப்பறம் என்ன?"

"என்ற நம்பருக்கு நேரா, நல்லாயிருச்சுன்னு எழுதுவாங்க. அந்த நம்பர் பாட்டில நீங்கல்ல போடறீங்க. எது மருந்து எது தண்ணின்னு கணக்கே தப்பாப் போயிரும். நாளைக்கு இன்னொருத்தி மூக்கடச்சுக்கிட்டு வருவா, அவளுக்கு என்னத்தக் குடுப்பாங்க?"

"அது அவங்க பாடு."

"எனக்கு நீங்க தட்டுல வெச்சுக் கொண்டாந்தீங்க. அவளுக்கு எந்த அண்ணன் கொண்டாருவான்?"

தனசேகர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தான். பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் பின்னாலேயே உள்ளே போனான். நான் எழுதி வைத்திருந்த பதிலை அவன் சொல்ல மறுத்துவிட்டான்.

உள்ளே, ஆய்வைக் கவனிக்கும் சௌமியா வழக்கம்போல் சிரித்தாள். "வாங்கக்கா. ஸ்ப்ரே ஒழுங்காப் போட்டீங்களா?"

"போட்டேன் கண்ணு. ஆனா என்றத இல்ல."

சொல்லி முடித்தாள். சௌமியா எழுந்துபோய் டாக்டரை அழைத்துவந்தாள். டாக்டர் திட்டவில்லை. நடந்ததை இன்னொரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். இருவருக்கும் ஆய்வு மருந்து இன்றோடு நிற்கும். பரிசோதனைக்குத் தொடர்ந்து வர வேண்டும். வழக்கமான சிகிச்சை தருவோம் என்றார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"எது மருந்துங்க டாக்டர்? அவருதா, என்றதா?"

"சத்தியமா எனக்கே தெரியாது."

எத்தனையோ கதாநாயகிகளை நான் மணமேடையில் ஏற்றி வைத்து, தூரத்தில் நின்று பார்த்துப் பூரித்திருக்கிறேன். இரண்டு பாட்டில்களையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்த இவளைப் பார்த்தபோது வந்த பெருமை வேறு. இவளை நான்தான் எழுதினேன் என்று தெருவில் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

5

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அண்ணன் பாட்டில்தான் மருந்து. அவன் கணித்தது சரி.

தங்கை பாட்டில்தான் மருந்து. மெதுவாக வேலை செய்தது; அண்ணன் உப்புத் தண்ணீரைச் சீராகக் கொடுத்துவிட்டு, நல்ல மருந்தை வாங்கிப்போனான்.

இரண்டுமே தண்ணீர். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். பட்டறையில் அவனுக்கு வந்தது வெறும்...

இதை முடிக்க எனக்கு மனமில்லை.

மூன்றையும் தள்ளி வைத்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன். தங்கையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தனசேகரும் நாமக்கல் பஸ்ஸில் ஏறினான்.  மல்லூர் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரரிடம், அவர் கேட்காமலே, எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான்.

"டாக்டருக்கு முன்னால உக்காந்து ஒரு வார்த்த பிசகாமச் சொன்னாளுங்க. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். என்ற தங்கச்சிங்க."

"அண்ணா, சும்மா இருங்க" என்றாள் முன் இருக்கையிலிருந்து வெண்ணிலா.

"ஏஞ் சும்மா இருக்கோணும்?"

அந்த மனிதர் முன்னால் குனிந்து அவளைக் கேட்டார்: "அப்ப, புள்ள வாசம் மறுபடி போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்கம்மா?"

வெண்ணிலா அவர் பக்கம் திரும்பி,

இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவள் அழலாம், சிரிக்கலாம், தெரியவில்லை என்று சொல்லலாம். எதுவானாலும் எனக்குச் சம்மதம். அவளைத் தலைகுனிய வைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள்.