போல்ட்டில் ஒரு கோடு

சர்ச்சிலிருந்து வந்த ஷீபா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அவள் அப்பா பீட்டர், "வரதன் மொதலாளி உன்னக் கூட்டிக்கினு வரச் சொன்னாரு," என்றார்.

"என்னயா? இன்னாத்துக்கு நைனா?"

"அவரு துப்பாக்கில ஏதோ தேஞ்சி போயி கீதாம். உம் பொண்ணு கம்பெனில அளவு பாக்கறவதான, வந்து பாத்து சொல்லட்டும்னாரு."

ஷீபாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது.

அவள் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். லாரிக்குப் போகும் இரும்பு உருப்படிகள் மெஷினிலிருந்து வரும். டிராயிங்கில் போட்டிருக்கும் அளவுக்குள் இருந்தால் பச்சைக் கூடை, தாண்டினால் சிவப்புக் கூடை. அவ்வளவுதான் அவள் வேலை. துப்பாக்கியை அவள் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை.

வழியில் பீட்டர் விஷயத்தைச் சொன்னார். வரதனிடம் இருப்பது லைசென்ஸ் உள்ள ரைபிள், அவர் தாத்தா காலத்துச் சாமான். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்ததை இப்போதுதான் திருப்பி வாங்கி வந்திருக்கிறார். ஏரியில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேல முள்ளுக்குள் பன்றிக் கூட்டம் பெருகிவிட்டது. வேர்க்கடலை காய் பிடிக்கிற சமயம். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் நாலைந்து நாளைக்குப் பன்றி அந்தப் பக்கம் வராது. அதற்காக எண்ணெய் போட்டுத் துடைக்கும்போதுதான் தேய்மானம் கண்ணில் பட்டிருக்கிறது.

"அவரு சுடும்போது நீ எங்க நிப்ப?" என்று ஷீபா கேட்டாள்.

"அவரு பக்கத்துலதான். வலது பக்கம். டார்ச் புடிக்கணுமே."

ஷீபா நடந்துகொண்டே பையைத் திறந்து, வீட்டிலிருந்து எடுத்துவந்த வெர்னியர் அளவுகருவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

வரதன் வீட்டுக் கூடத்தில் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. சின்ன வயதில் அப்பாவோடு வந்தால் களத்தோடு சரி. இன்று வரதனின் மனைவி செல்லம்மாள் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா," என்றார். ஷீபா உட்கார்ந்தாள். பீட்டர் கதவோரம் நின்றுகொண்டார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தான் எழுந்துகொள்வதா, அப்படியே இருப்பதா என்று ஷீபாவுக்குப் புரியவில்லை.

மேசைமேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ரைபிளும் தனியே கழற்றிய போல்ட்டும் இருந்தன. போல்ட் என்பது விரல் கனத்தில் ஓர் இரும்பு உருளை. தோட்டாவுக்குப் பின்னால் போய் அடைத்துக்கொள்ளும். அதன் தலையில் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு மேடுகள்.

"இந்தக் காது ரெண்டும் உள்ள போயி மாட்டிக்கும்," என்றார் வரதன். "தோட்டா வெடிக்கும்போது போல்ட்டு பின்னால வராம புடிச்சிக்கறது இதுதான். இந்த ஒரு காத மட்டும் பாரு, விளிம்பு மொழுக்குன்னு கீது."

"புடிக்காம வுட்டா இன்னா ஆவும் சார்?"

வரதன் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க வரும்."

கம்பெனியில் எல்லாரையும் சார் என்று கூப்பிட்டுப் பழகியதால் அவளுக்கு அது இயல்பாக வந்தது. ஊரில் இதுவரை யாரும் அவரை சார் என்றதில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

மெட்ராஸில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரருக்கு வரதன் ஏற்கெனவே போட்டோ அனுப்பியிருக்கிறார். "நூறு வருஷத்துச் சாமான், அப்படித்தான் இருக்கும், தைரியமா சுடுங்க," என்று பதில் வந்திருக்கிறது. அதே போட்டோவைப் பட்டாளத்தில் இருந்த சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பினார். அவர், "அதைத் தொடவே தொடாதே," என்றாராம்.

"ரெண்டு பேரும் தெரிஞ்சவங்கதான். நான் யார் பேச்சக் கேக்கறது? அதான் உன்னக் கூப்ட்டேன். அளந்து சொல்லு."

ஷீபா பையிலிருந்து வெர்னியரை எடுத்தாள். ஒரு காதை அளந்தாள். மற்றதை அளந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது, தலைமயிர் கனம்தான். இன்னொரு தடவை அளந்தாள். அதே வித்தியாசம்.

"எவ்ளோ கீது?"

அவள் சொன்னாள்.

"அது சரியா, தப்பா?"

அங்கேதான் அவளுக்கு முதல் தடவை தலை சுற்றியது. டிராயிங் இல்லை. புதிதாக இருந்தபோது இந்தக் காது என்ன அளவு இருந்தது என்று இந்த உலகத்தில் யாரைக் கேட்பது? இரண்டும் ஒரே அளவில் செய்யப்பட்டவைதானா, ஆரம்பத்திலிருந்தே வேறு வேறா? கையில் அளவு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மார்க்கர் பேனாவால் இரண்டு காதிலும் கறுப்பு மை பூசினாள். போல்ட்டை ரைபிளுக்குள் போட்டு மூடித் திறக்கச் சொன்னாள். வெளியே எடுத்தபோது ஒரு காதில் மட்டும் மை அழிந்திருந்தது. மற்றதில் பூசிய மை பூசியபடியே இருந்தது.

"அப்டின்னா பாரம் முழுக்க ஒரே காதுதான் தாங்குது சார்."

"நல்லா கீற காதா, தேஞ்ச காதா?"

"தேஞ்ச காது."

"அது தாங்கறதாலதான தேஞ்சிது? அப்ப சரியாதான கீது?"

ஷீபா மை அழிந்த காதை விரலால் தடவிப் பார்த்தாள். அவர் சொல்வதும் ஒரு கணக்குக்குச் சரியாகத்தான் பட்டது.

பாரம் தாங்கித் தாங்கி அந்தக் காது விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் பார்க்க கம்பெனியில் சிவப்பு மருந்தும் வெள்ளை மருந்தும் ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும். இங்கே செல்லம்மாள் மண்ணெண்ணெயும், கோலமாவும் கொண்டுவந்து வைத்தார். ஷீபா போல்ட் தலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எடுத்து நன்றாகத் துடைத்து, மாவைத் தூவினாள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து மாவை நனைக்கும். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தேய்ந்த காதின் அடியில் மெல்லிய கோடு ஒன்று ஈரமாகத் தெரிந்தது.

"அதோ!" என்றார் செல்லம்மாள்.

ஷீபா இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி செய்தாள். கோடு வந்தது, பாதிதான் வந்தது. மூன்றாவது தடவை ஒன்றுமே வரவில்லை.

"இன்னாம்மா இது? கீதா, இல்லயா?"

"விரிசலா இருக்கலாம் சார். இல்ல, செய்யும்போது கடைஞ்ச தழும்பா இருக்கலாம். துரு அரிச்ச பள்ளத்துல எண்ண நின்னாலும் இப்படிக் காட்டும்."

"மூணுல எது?"

"தெரியல சார்."

வரதன் நாற்காலியில் சாய்ந்தார். "பேஜாரா போச்சே. ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னாங்கன்னு உன்னக் கூப்ட்டா, நீ ஒருத்தியே மூணு விதமா சொல்றியே. தெரியலன்னு சொல்றதுக்கா கம்பெனில உனக்குச் சம்பளம் தராங்க?"

ஷீபாவுக்கு முகம் சூடாகிவிட்டது. கம்பெனியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சந்தேகம் என்றாலே சிவப்புக் கூடை. அங்கே ஒன்றை ஒதுக்கினால் பின்னாலேயே இன்னொன்று வரும். இங்கே இது ஒன்றுதான். கூடாது என்று அவள் சொல்லி, நல்ல சாமானாக இருந்துவிட்டால் கடலை பன்றிக்குப் போகும். பரவாயில்லை என்று சொல்லி, அது விரிசலாக இருந்துவிட்டால்? கதவோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிவச்சி சுட்டுப் பாத்துடலாம்," என்று வரதன் எழுந்தார். "தாங்குதா இல்லயான்னு அதுவே சொல்லட்டும்."

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனார்கள். பழைய டிராக்டர் டயரை மண்மேட்டைப் பார்த்து வைத்து, ரைபிளை அதில் இறுக்கிக் கட்டினார் பீட்டர். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் தூரமாக ஓட்டிவிட்டு வந்தார். விசையில் கட்டிய கயிறு கரைக்கு அந்தப் பக்கம் வரை நீண்டது. நாலு பேரும் கரைக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். வரதன் கயிற்றை இழுத்தார்.

வெடிச் சத்தத்தில் கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. எட்டிப் பார்த்தால் ரைபிள் கட்டியபடியே இருந்தது. போல்ட் வைத்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தியா!" வரதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் போல்ட்டைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டிய பிறகுதான் அதன் பிடி மேலே வந்தது.

"எப்பவும் இப்டிதான் டைட்டா இருக்குமா சார்?"

"எப்பவும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "கவனிச்சதில்லயேம்மா. அப்பா இருந்தப்போ அவருதான் தொறப்பாரு. அப்பறம் நான் சுட்டது கொஞ்சம்தான்."

கீழே விழுந்த தோட்டாக்கூட்டைப் பீட்டர் எடுத்துக் கொடுத்தார். அதன் அடிப்பக்கத்தில் சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் ஓடியது. போல்ட் பின்னால் நகர்ந்து கூடு இழுபட்டால் இப்படி இருக்கும் என்று ஷீபாவுக்குத் தோன்றியது. வரதனோ, எல்லாக் கூட்டிலும் அது இருக்கும் என்று சாதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூடு யாரிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்து போல்ட்டை மறுபடி ஊறவைத்து மாவு தூவினாள். கோடு வந்தது. இந்தத் தடவை அழுத்தமாகவே வந்தது. நீளமாகிவிட்டதா? அப்போதுதான், முதலில் வந்த கோட்டைத் தான் போட்டோ எடுக்கவில்லை என்பது ஷீபாவுக்கு உறைத்தது. கையில் போன் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. கம்பெனியில் இப்படிச் செய்திருந்தால் சூப்பர்வைசர் தொலைத்திருப்பார்.

"காலைல பாத்த அளவுதான்," என்றார் வரதன்.

"இல்ல, நீண்டுக்கினு வந்துருக்கு," என்றார் செல்லம்மாள்.

"எனக்குக் கண்ணாடி இல்லாம கோடே தெரியல," என்றார் பீட்டர்.

ஷீபா கண்ணை மூடி முதல் கோட்டை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒரு தடவை சின்னதாக வந்தது, இன்னொரு தடவை பெரிதாக வந்தது.

வரதன் போல்ட்டைத் துடைத்து ரைபிளில் போட்டார். "ஒரு வெடி தாங்கிடுச்சி. இன்னும் ஒண்ணு தாங்காதா? இன்னா பீட்டரு, இன்னிக்கு ராத்திரியே போயிடலாம். டார்ச்ச சார்ஜ் போட்டுடு."

பீட்டர் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"இன்னாடா?"

"நான் வர்ல மொதலாளி."

வரதனுக்கு உடனே விளங்கவில்லை. "ஒடம்பு சரியில்லயா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அதுங் கிட்ட நிக்க மாட்டேன்."

"உம் பொண்ணு கெட்டதுன்னு சொல்லலயே. தெரியலன்னுதான சொல்றா?"

"அதான் மொதலாளி."

வரதன் பீட்டரையே பார்த்தார். கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே பிடிபடாத மாதிரி இருந்தது. ஷீபா பக்கம் திரும்பினார். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல சார்." அது உண்மை. ஆனால் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததும் உண்மை.

"சரி, நான் ஒண்டியாப் போறேன்," என்று வரதன் ரைபிளை எடுத்தார். தோட்டா இல்லாத ரைபிள்தான். ஜன்னலுக்கு வெளியே தென்னை உச்சியைக் குறி பார்க்கிறவர்போலத் தோளில் பொருத்தி, கன்னத்தைக் கட்டையில் பதித்தார். போல்ட் அவர் கண்ணுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரம்கூட இல்லாமல் இருந்தது. விரல் விசைமேல் போனது. அப்படியே நின்றார்.

செல்லம்மாள் மெதுவாக, "வேணாங்க," என்றார்.

அவர் விசையை அழுத்தவில்லை. ரைபிளை இறக்கி மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். "அது நல்லாதான் கீது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு போல்ட்டை உருவித் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

திரும்பும்போது ஷீபா கேட்டாள். "அவரு மூஞ்சிக்கு நேரா எப்டி நைனா சொன்ன?"

"அதான் எனக்கும் புரியல," என்றார் பீட்டர். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கி வேலைக்குக் கூப்புடுவாரோ, மாட்டாரோ," என்றார்.

கூப்பிட்டார். அந்த வாரம் முழுக்க வாலாஜாபாத்தில் வாங்கிவந்த பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். முதல் இரண்டு நாள் பன்றிகள் பயந்தன, அப்புறம் பழகிவிட்டன. ஓரத்துப் பாத்திகளை உழுதுபோட்ட மாதிரி கிளறிவிட்டுப் போயின. இதற்குமேல் விடக்கூடாது என்று வரதன் கடலையை முன்னாலேயே பிடுங்கச் சொல்லிவிட்டார். பாதிக்குமேல் பிஞ்சு. இருந்தாலும் மீதி வீடு வந்து சேர்ந்தது.

ரைபிளை மெட்ராஸ் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். போட்டோ பார்த்துத் தைரியமாகச் சுடச் சொன்ன அதே கடைக்காரர், நேரில் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு சார் ரிஸ்க்கு?" என்றாராம். விரிசல்தானா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினாராம். இந்த ரைபிளுக்கு வேறு போல்ட் கிடைக்காதாம்.

ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஷீபாவிடம் வரதன் பைக்கை நிறுத்தி அதையெல்லாம் சொன்னார்.

"அன்னிக்கி ராத்திரி சுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்மா?"

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம் சார்."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் எரிச்சலைக் கிளப்பியதா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் கட்டியிருந்த பையிலிருந்து வேகவைத்த கடலையை இரண்டு கை அள்ளி அவள் டிபன் பைக்குள் போட்டார். "பிஞ்சுதான். ஆனா இனிக்குது," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். பஸ் வந்தது. ஷீபா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரகடம் வரும்வரை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டே போனாள்.