கழிவில் போன பாதி

ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மருத்துவமனையின் சொத்தானார். காரணம் அவருடைய மனைவியின் தையல். அவள் அங்கேயே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விரிப்புகள் காணாமல் போகின்றன என்று ரேடியோ டேக் வரவழைத்திருந்தார்கள். அரிசி அளவு, ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் மடித்துத் தைக்க வேண்டும். டேக் நகர்ந்தால் பக்கத்துக் கேமரா அதன் பக்கம் திரும்பும், வாசல் காவலாளியின் திரையில் படமும் எண்ணும் சேர்ந்து வரும், சீட்டில்லாத பொருளுக்குக் கதவு பூட்டிக்கொள்ளும். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு விரிப்புகளைத் தைத்து முடித்தபோது ஒரு டேக் மிஞ்சியது. புருஷனின் சீருடைச் சட்டை அடிக்கடி வெளுப்பில் தொலைந்துகொண்டிருந்தது. வீணாகப் போவானேன் என்று அதை அவர் காலருக்குள் வைத்து, தன் வழக்கப்படி ஒவ்வொரு தையலையும் ஒருமுறை பின்னால் இழுத்து, தைத்துக் கொடுத்தாள்.

அன்று அவருக்குக் கதவு திறக்கவில்லை. சட்டையைக் கழற்றினார்கள். காலரில் ஒன்றுமில்லை. டேக் பிடரிக்குள் போயிருந்தது. மேலே வெள்ளை நூலில் அவளுடைய தையல். அவள் பிரித்தாள். காலையில் தையல் அப்படியே இருந்தது. மருத்துவர் மூன்று நாள் பிரித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். வாசற்கோட்டைத் தாண்டினால் அவர் கால்கள் துணியாகத் துவண்டன. திரையில் அவர் நடக்கும் இடத்தில் ஒரு வெள்ளை விரிப்பு நடந்தது.

“மனுஷனாத் தெரிஞ்சா விட்டுருவேண்ணே. விரிப்பாத்தானே தெரியறீங்க” என்றான் காவலாளி.

“அப்ப என்னை மடிச்சு வைங்கடா” என்றார்.

ஒரு சொத்தும் இல்லாதவனுக்கா பெண் கொடுப்பது என்று கல்யாணத்தின்போது முறுக்கிக்கொண்ட மாமனார், மாப்பிள்ளையே சொத்தாகிவிட்டார் என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் சிரிக்கவில்லை. ஏழு வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் விரிப்பு அறையின் கீழ்த்தட்டில் படுத்தார். மகள் கல்யாணம் முடிந்து வாசல்வரை வந்து மாப்பிள்ளையைக் காட்டிவிட்டுப் போனாள். மனைவி தினமும் மாலையில் தனியே வீட்டுக்குப் போனாள்.

விரிப்புகளைப் போல அவரும் நைந்தார். முதலில் முழங்கைகளில் வெளிச்சம் தெரிந்தது, பிறகு தோள்களில். நைந்த விரிப்பைக் கேமரா முன் நீள்வாக்கில் இரண்டாகக் கிழிப்பது சனிக்கிழமைகளில் அவளுடைய வேலை. டேக் உள்ள பாதி தரை துடைக்கப் போகும். மற்றப் பாதிக்குக் கழிவு என்று, வாசல் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டாத சீட்டு கிடைக்கும். கிழிக்குமுன் தானாகப் பிய்ந்துவிட்டால் முழுவதும் எரிகலத்துக்கு.

“என்னையும் கழிச்சுவிடு” என்றார்.

“வாயை மூடுங்க.”

ஒரு வருஷம் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அவர் நெஞ்சு வழியாக எதிர்ச்சுவரின் கடிகாரத்தில் அவளால் மணி பார்க்க முடிந்தது.

சனிக்கிழமை அவரை மேசையருகே நிற்கவைத்தாள். “எந்தப் பக்கம் நான் எடுத்துட்டுப் போக?”

“டேக் இல்லாத பக்கம்தான் போகும். இதுல கேக்க என்ன இருக்கு?”

ஓரத்தைப் பல்லால் கடித்துத் தொடங்கினாள். இழை போன வழியே, ரத்தமில்லாமல், எல்லா விரிப்புகளும் எழுப்பும் அதே சத்தத்தோடு அவர் கிழிந்தார். ஸ்டோர் அதிகாரி சீட்டில் கையெழுத்துப் போட்டார். கதவு திறந்தது.

வீட்டுக்கு வந்த பாதி கட்டிலில் தன் பழைய பக்கத்தில் படுக்கிறது, தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறது, மகள் வந்தால் பார்க்கிறது. பேச்சு மற்றதோடு தங்கிவிட்டது. அது மருத்துவமனையில் ஒரு கையால் வாளி தள்ளித் தரை துடைக்கிறது. மதியம் அவள் சோறு கொண்டுபோய் அதன் அருகில் உட்காருவாள். சாப்பிட்டு முடித்து அது கேட்கும்: “வீட்ல எப்படியிருக்கேன்?”

“தூங்குறீங்க” என்பாள்.