அதே பெம்பா

அடுத்த அக்டோபரில் மலையேற வருகிறாளாம், நார்வேக்காரி. போன தடவை கூட வந்த அதே பெம்பாதான் வழிகாட்டியாக வேண்டுமாம். பெம்பா பனிச்சரிவில் செத்து எட்டு மாதமாகிறது.

"நீயே பெம்பான்னு சொல்லிடு," என்றார் காட்மாண்டு முதலாளி, பெம்பாவின் தம்பி ஃபுர்பாவிடம். "செத்துட்டான்னா அந்தம்மா பயந்து வேற கம்பெனிக்குப் போயிடும்."

"மூஞ்சி காட்டிக் குடுத்துடாதா முதலாளி?"

"நம்ம மூஞ்சிய எவன்டா உத்துப் பாக்கறான்? அண்ணன் தொப்பிய மாட்டிக்கிட்டு உக்காரு."

வீடியோ அழைப்பில் அவள் முகம் மலர்ந்தது. "பெம்பா, நீ மாறவே இல்லையே."

முதலாளி கண்ணடித்தார். ஃபுர்பா பல்லைக் காட்டினான்.

"வழியெல்லாம் உன் தம்பி புராணம்தான் பாடுவே. அவன் எப்படி இருக்கான்?"

ஃபுர்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "பனிச்சரிவுல செத்துட்டான்மா."