இருபது தேனீயும் ஒரு கொசுவலையும்

செல்வக்குமாருக்கு எம்.எஸ்சி. பட்டம் கிடைக்க இருபது தேனீ தேவைப்பட்டது. பத்தொன்பது பொரித்தால்கூட ஆய்வு செல்லாது, அடுத்த பருவம்தான் என்று விலங்கியல் துறையில் அவனுக்கு வழிகாட்டியாக இருந்த தமிழ்ச்செல்வி மேடம் சொல்லிவிட்டார்.

கூட்டமாக வாழும் தேனீ என்றால் ஒரு கூட்டைக் காட்டி ஆயிரம் என்று எழுதிவிடலாம். இவன் எடுத்துக்கொண்டதோ இலைவெட்டித் தேனீ. தனிக்கட்டை. ராணி கிடையாது, தேனடை கிடையாது. பொந்து கிடைத்தால் இலையை வட்டமாக நறுக்கிக்கொண்டு வந்து அறை அறையாகச் சுருட்டும். அறைக்கு ஒரு முட்டை வைத்து, வாயை அடைத்துவிட்டுப் போயே போய்விடும். ஆகவே கீழக்குயில்குடியில், தங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில், காய்ந்த ஆமணக்குத் தண்டுகளைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டான். அண்ணி கனகலட்சுமியின் ரோஜாச் செடி சல்லடையானது. பதினோரு தண்டுகளின் வாய் அடைபட்டது. அறைகள் எப்படியும் முப்பதைத் தாண்டும்.

பிறகு கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பூச்சி தினமும் வரத் தொடங்கியது. வாலை முதுகின்மேல் மடித்து வைத்திருக்கும். வந்ததும் அதை இறக்கித் தண்டில் குத்தி, வெகுநேரம் நிற்கும். பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய் என்று முடிவுசெய்து செல்வக்குமார் 'தாயின் கவனிப்பு' என்று நாலு பக்கம் எழுதினான்.

அம்மா சின்னத்தாய் பார்த்தவுடனே குளவி என்றாள். குளவி குடிவரும் வீட்டில் பிள்ளை பிறக்கும், விரட்டக்கூடாது. மோட்டார் ரூம் எப்படி வீடாகும் என்றதற்கு, கரண்டு இருக்கிறதல்லவா, வீடுதான் என்றாள். அண்ணனுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். அண்ணி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, குளவிக்கும் சேர்த்து ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிடலாமா என்றாள்.

செல்வக்குமார் பூச்சியை வீடியோ எடுத்து, வகுப்பிலேயே புத்தகம் படிக்கும் ஒரே ஆளான சிம்மக்கல் மின்ஹாஜுக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"மாப்ள, அது தாய் இல்ல. உன் தேனீக் குஞ்சு மேல முட்டை போட்டுட்டுப் போகுது. அதோட பிள்ளை உன் பிள்ளையத் தின்னு வளரும். அறைக்கு ஒண்ணு."

"அப்ப நாலு பக்கம்?"

"அப்பிடியே இருக்கட்டும். யாரோட தாய்ங்கிறத மட்டும் மாத்து."

அன்று சாயங்காலமே தண்டுக் கட்டைச் சுற்றிக் கொசுவலையைக் கட்டினான். பல்லி வருகிறது என்று அம்மாவிடம் சொன்னான். மறுநாள் கல்லூரி விட்டு வந்து பார்த்தால், வலை நாலாக மடிக்கப்பட்டு ஸ்டார்ட்டர் பெட்டியின்மேல் இருந்தது. திரும்பக் கட்டினான். திரும்பவும் மடிக்கப்பட்டிருந்தது. தான் தொடவில்லை என்று அம்மா பாண்டி முனி மேல் சத்தியம் செய்தாள். பாண்டி முனியை இழுத்துவிட்டு அந்த வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. மூன்றாம் நாள் கல்லூரிக்குப் போகாமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றான்.

அண்ணி வந்தாள். முடிச்சை அவிழ்த்து, வலையை உதறி, புடவை மடிப்பதுபோல் மடிக்கத் தொடங்கினாள். அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நம்பிக்கையெல்லாம் இல்ல தம்பி. வாரத ஏன் மறிக்கணும்னு இருந்துச்சு."

அவனிடம் சொல்ல நிறைய இருந்தது: இருபது தேனீ, அடுத்த பருவம், அந்தப் பூச்சி பிள்ளை கொடுக்கிற ஜாதி இல்லை, பிள்ளையைத் தின்கிற ஜாதி.

"திரும்பக் கட்டணுமா?" என்று அண்ணியே கேட்டாள்.

"தெரியல அண்ணி."

நிஜமாகவே தெரியவில்லை. அதற்குள் குளவி வந்து தண்டில் உட்கார்ந்துவிட்டது. இருவரும் அது வேலையை முடிக்கும்வரை, ஏதோ பூஜை நடப்பதுபோல், அசையாமல் நின்றார்கள்.

பதிமூன்று தேனீ பொரித்தது. குளவி பதினெட்டு. ஒவ்வொரு குளவியும் சரியாக ஒரு தேனீயைத் தின்றிருப்பதால், மொத்தத்தை முப்பத்தொன்று என்று எழுதலாமா என்று மேடத்திடம் கேட்டான். அவர் தாளில் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது. "பறந்தாத்தான் தேனீ" என்று கடைசியில் சொல்லி, அடுத்த பருவத்துக்கான படிவத்தை நீட்டினார்.

புதுத் தண்டுகளை வெட்டிக் கட்டிக்கொண்டு வந்தபோது அம்மா பட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடவை வீட்டிலேயே தொங்கவிடு என்றாள். எங்கே என்று அண்ணியிடம் கேட்டான். அவள் தன் அறை ஜன்னலுக்கு மேலே காட்டினாள். ஆணியை அடிக்கத் தொடங்கினான்.

"வேணாம் தம்பி, மோட்டார் ரூமுக்கே கொண்டு போயிருங்க."

பிடுங்கப் போனான்.

"இருங்க" என்றாள்.

சுத்தியலோடு நின்றான். அண்ணி யோசித்துக்கொண்டே இருந்தாள். ஆணி பாதிதான் இறங்கியிருந்தது.