தயிர் உறையாத தெரு

1948ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை முதல், மந்தைவெளியில் ஷரஃபுதீன் குடியிருந்த தெருவில் தயிர் உறையவில்லை, தோசை மாவு பொங்கவில்லை. பதினேழு வீடுகளில் உறை ஊற்றிய பால் மறுநாளும் பாலாகவே கிடந்தது.

ஷரஃபுதீனுக்கு அபிராமபுரத்துத் தோப்புக்குள் இருந்த சினை ஊசி நிலையத்தில் வேலை. காலையில் பொலிகாளையிடம் எடுத்த விந்தில் முட்டை மஞ்சள் கருவும் உப்புக் கரைசலும் கலந்து, குழாய்களில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைப்பார். மஞ்சள் கரு உயிரணுவுக்கு ஊட்டம்; கிருமிகளுக்கும் அதுவே விருந்து. ஆறு வருஷமாகக் குழாய்களைக் கொதிக்க வைத்தார், காளையின் அடிவயிற்றைக் கழுவினார், கைத்தோல் உரியச் சோப்புப் போட்டார். இரண்டாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உயிரணுக்கள் செத்துக் கிடக்கும், கிருமிகள் கல்யாண வீட்டுக் கூட்டம்போல் நடமாடும். அடுத்த தெருக் கெங்கம்மாவுக்கு இருந்தது ஒரே பசு. அதற்கு நாலு ஊசியும் வீண். அவள் ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. அதுதான் அவரை அதிகம் களைக்க வைத்தது.

“இந்தத் தபாவும் நிக்கல மாமா. பாலும் வத்திப்போச்சு. அடிமாட்டுக்குக் குடுத்துடவா?” என்று கேட்டாள்.

அந்த ஆடியில்தான் நிலையத்துக்குப் பெனிசிலின் வந்தது, கட்டைவிரல் உயரப் புட்டியில். கரைக்கும்போது அவர் கையில் கொஞ்சம் சிந்தியது. அதைக் கலந்த குழாய்களில் நாலாம் நாளும் உயிரணுக்கள் நீந்தின. கெங்கம்மாவின் பசுவுக்கு அதிலிருந்துதான் ஐந்தாவது ஊசி. மருந்து கையில் சிந்திய அன்று முதல் ஷரஃபுதீனின் பக்கத்திலும் கிருமி அண்டவில்லை. அவர் நடந்த இடத்தில் சாக்கடை நாறவில்லை, பிள்ளைகளின் சிரங்கு ஆறியது. ஆனால் சோற்றுக்கு மோர் இல்லை. அவர் மனைவி அமீனா பீ மூன்று மாதம் புளி கரைத்தே குழம்பு வைத்தாள். ஐப்பசிவரை பொறுத்த தெரு, பிறகு அவரை வீட்டைக் காலி பண்ணச் சொன்னது. அவர் மறுக்கவில்லை. பாத்திரமும் பாயும் கைவண்டியில் ஏறின.

கெங்கம்மா வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். “என் மாடு சினை புடிச்சிகினு கீது. இவர் போய்ட்டா அடுத்த ஊசிக்கு நான் எங்க போறது? இன்னா, மோர் இல்லன்னா உங்களுக்குச் சோறு எறங்காதா?”

அமீனா பீயே வண்டியிலிருந்து பாயை இறக்கினாள்.

அதன்பின் சாயங்காலம் ஆனால் பதினேழு வீட்டுப் பெண்களும் மாவுப்பானையையும் தயிர்ச்சட்டியையும் அடுத்த தெருவில் இருந்த கெங்கம்மாவின் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். விடிந்ததும் எடுத்து வந்தார்கள். சித்திரையில் அங்கே கிடாரிக்கன்று பிறந்தபோது, பானைகளைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் நகர்த்தினார்கள். தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள்களுக்குக் குழாயடியைக் காட்டிய கையோடு தொழுவத்துக்கும் வழி காட்டினார்கள். காலையில் வேலைக்குப் போகும் ஷரஃபுதீன், பானைகள் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி எதிர்ச்சுவரோரம் ஒதுங்கி நிற்பார். கடைசிப் பானையும் கடந்த பிறகு ஏறிப் போவார்.