ஐந்தாம் தேதி அறை

அந்த ஊரில் காணாமல் போனவர்களைத் தேதிவாரியாக அறைகளில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு தேதிக்கு ஓர் அறை. வந்து கேட்டால் தேடித் தருவார்கள். இதில் யாருக்கும் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

முன்பெல்லாம் ஒருவரைத் தேட எல்லா அறைகளையும் திறப்பார்கள். மூன்று நாள் ஆகும். ஆனாலும் ஆள் கிடைத்துவிடும். இப்போது வேகம் வந்து தொலைத்துவிட்டது. கேட்கிறவர் தேதி சொல்ல வேண்டும். அந்த ஓர் அறையை மட்டும் திறப்பார்கள்.

செண்பகவல்லி தன் புருஷன் தங்கமாரியைக் கேட்டு வந்திருந்தாள்.

"எந்தத் தேதி?" என்றார் அலுவலர் நல்லசிவம்.

"ஆடிப்பெருக்குக்கு மறுநாள், சார்."

"அதை வச்சுத் தேடணும்னா ஒவ்வொரு அறையாத் திறந்து, 'நீ ஆடிப்பெருக்குக்கு மறுநாளா?'ன்னு கேக்கணும். வெறும் தேதி சொல்லுங்கம்மா."

விரல்விட்டு எண்ணினாள். "ஆகஸ்ட் நாலு."

நான்காம் அறை திறந்தது. உள்ளே இரண்டு கிழவர்களும் ஒரு தபால்காரரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கதவு மூடியது.

"இல்லை," என்றார் நல்லசிவம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "அரை நிமிஷம்கூட ஆகலை."

அப்போது அடுத்த அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வல்லி! இங்கனதான்டி இருக்கேன்! அஞ்சாம் தேதியில போட்டுட்டானுவ!"

பாவி மகள், குரலைக் கேட்டதும் அழுதேவிட்டாள். "சார், அவருதான் சார்!"

"அது அஞ்சாம் அறை. நீங்க கேட்டது நாலு."

"அப்ப அஞ்சுன்னு கேக்கேன்."

"அது புதுக் கேள்வி. வரிசையில போய் நில்லுங்க."

ஓடினாள். முன்னால் இருநூறு பேர். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஒருத்தராவது வழிவிட வேண்டுமே!

"வேகத்தைக் கெடுக்காதீங்கம்மா," என்றார்கள்.

தங்கமாரி தட்டிக்கொண்டே இருந்தான். மத்தியானம் தட்டுவது நின்றது. களைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் முறை வந்தது. "ஆகஸ்ட் அஞ்சு!" என்று கத்தினாள்.

"இல்லை," என்றார் நல்லசிவம், அவள் வாயை மூடுவதற்குள். எழுந்திருக்கக்கூட இல்லை. முகமெல்லாம் பூரிப்பு. "மத்தியானம் வரைக்கும் யாரும் கேக்காத அறைகளை மொத்தமா எடுத்துட்டோம். அதான் இந்த வேகம்."

"உள்ள இருந்தவங்க?"

"அறையோடதான்."

வரிசை கைதட்டியது. செண்பகவல்லி அறைகளைப் பார்க்க ஓடினாள். நான்காம் கதவை ஒட்டி ஆறாம் கதவு இருந்தது. நடுவில் எறும்பு நுழைய இடமில்லை. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.