நாற்பத்திரண்டில் ஒருத்தி

விற்பனைப் பட்டப்படிப்பு படித்தால் மாதம் அறுபதாயிரம் வரை சம்பாதிக்கலாம் என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருந்தது. அந்த ‘வரை’யைப் பார்த்ததும் மெத்தைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெத்தைக் கடைப் பலகையில் ‘பாதி விலை வரை தள்ளுபடி’ என்று மூன்று வருஷமாக எழுதுகிறவளே அவள்தான். பாதி விலையைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும், ‘வரை’யைக் கடுகளவில் எழுத வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. உண்மையில் பாதி விலைக்குப் போனது தலையணை உறை ஒன்றுதான், அதுவும் ஓரம் பிரிந்தது.

சிரித்தாளே தவிர, கையேட்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பட்டம் இல்லாமல் மேலாளர் ஆக முடியாது என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். போன வருஷம் வந்த புது மேலாளருக்கு ஸ்பிரிங் எது, ஃபோம் எது என்று காட்டிக் கொடுத்ததே இவள்தான். அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம்.

ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். செல்போன் கடை, டைல்ஸ் கடை, கார் ஷோரூம். சரக்கின் அடக்க விலையைச் சாகும்வரை சொல்லாத ஆட்கள், தொழில்காரி ஒருத்தி கமிஷன் எவ்வளவு என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் இருபத்துநாலாயிரம் என்று தெரிந்தது. அவள் இப்போது கமிஷனோடு பதினெட்டு வாங்குகிறாள். படிப்புக்குக் கடன் ஆறு லட்சம், மாதத் தவணை ஒன்பதாயிரம். போக மிச்சம் பதினைந்து. மூன்று வருஷம் வேலையை விட்டுவிட்டுப் படித்து வந்தால் கையில் மூவாயிரம் குறையும் என்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. மேலாளர் ஆனால்தான் அந்தப் படிப்பு கட்டுப்படியாகும்.

சனிக்கிழமை அம்மாவும் கூட வந்தாள். ஜாமீன் கையெழுத்து அவளுடையது. சலவை ஆலையில் ஓட்டல் விரிப்புகளை மடிக்கிறவள், அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சேர்க்கை அறையில் டை கட்டிய இளைஞன் முதலில் அம்மாவுக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான், முழங்கால் வலியை விசாரித்தான். விலையைக் கடைசியில்தான் எடுத்தான். மெத்தைக்காரி சொக்கிப்போனாள். தானும் இப்படித்தான் செய்வோம் என்று தெரிந்தும், அழகாக விற்கிறவனிடம் வாங்கிவிடத் தோன்றுவது இந்தத் தொழில்காரர்களின் வியாதி. பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

“சார், நீங்க இதே படிப்புதானா?”

“ஆமா. இங்கேயேதான். முடிச்சு நாலு வருஷம் ஆச்சு.”

“உங்க வகுப்புல எத்தனை பேர்? எத்தனை பேர் மேலாளர் ஆனாங்க?”

அவன் கையேட்டைப் புரட்டினான். அதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். “நாப்பத்திரண்டு பேர். ரெண்டு பேர் ஆனாங்க,” என்றான். பிறகு, “ஒருத்தன் அப்பா கடையில,” என்று சேர்த்துக்கொண்டான்.

அதுவரை வாயைத் திறக்காத அம்மா கேட்டாள்: “உங்களுக்கு யாரு தம்பி ஜாமீன்?”

“எங்க அம்மாதான்.”

“இப்ப வீட்டுல இருக்காங்களா?”

“இல்லம்மா. போன வருஷமே வேலைய விட்டிருக்கணும். தவணை இன்னும் எட்டு வருஷம் இருக்கு.”

மெத்தைக்காரி பேனாவை மேசைமேல் வைத்தாள். அம்மாவுக்கு ஐம்பது வயது. படிப்பு மூன்று வருஷம், தவணை பன்னிரண்டு வருஷம். அறுபத்தைந்து வயதிலும் விரிப்பு மடித்துக்கொண்டிருப்பாள். யோசித்துச் சொல்கிறோம் என்று மெத்தைக்காரி எழுந்துவிட்டாள்.

படிக்கட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். “என்னைச் சாக்கு வச்சுப் படிப்ப விடாதே. நாளைக்கு உன்னாலதான் கெட்டேன்னு சொல்லுவே.”

“உனக்காக இல்லம்மா. நாப்பத்திரண்டுல ஒண்ணுதான் தேறும்னா, அந்த மெத்தைய நானே யார் தலையிலயும் கட்ட மாட்டேன்.”

“சரி, அந்த ஒண்ணு எப்படித் தேறுச்சு?”

வாரம் முழுக்க ஊரைக் கேட்டவளுக்கு இது தோன்றவில்லை. முழங்கால் வலியோடு அம்மாவே மறுபடி மேலே ஏறினாள், மகளும் பின்னாலேயே போனாள்.

“அவங்களா? அவங்க எங்க மாதிரி இல்ல,” என்றான் இளைஞன். “சேர்றதுக்கு முன்னாடியே அஞ்சு வருஷம் கடையில நின்னவங்க. முதல் மாசமே மாலை வகுப்புக்கு மாறி, வேலைய விடாம படிச்சாங்க.”

“மாலை வகுப்பு இருக்கா? ஏன் சார் சொல்லல?”

அவன் டையைத் தளர்த்தினான். “அதுக்கு எனக்குக் கமிஷன் கிடையாது.”

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. தலையணை உறை ஞாபகம்தான் வந்தது. மேசையின் அடி இழுப்பறையிலிருந்து அவன் எடுத்த தாளில் படம் இல்லை, சிரிக்கிற முகங்கள் இல்லை. நாலு வருஷம், ரெண்டு லட்சம், சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஜாமீன் தேவையில்லை. அந்தப் பட்டமும் முதலாளியிடம் செல்லுபடியாகும். மேலாளர் ஆக்குவாரா என்பது வேறு விஷயம். ஆகாவிட்டாலும் இந்தத் தவணையை இப்போதைய சம்பளத்திலேயே கட்டிவிடலாம். மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“அப்ப நான் எங்கயும் போட வேண்டாமா?” என்றாள் அம்மா. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

“வேண்டாம்மா.”

தெருவுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “இதெல்லாம் கட்டி முடிக்கிறப்ப நீ என்னவா இருப்பே?”

“தெரியாது. ஆனா நீ வேலைய விட்டிருப்பே.”

வீட்டோடு இருக்கப் போகிறவளைப் போல, அம்மா அடுத்த கடையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.